பழைய ஒயர்

கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. வீட்டில் சத்தமே இல்லை. செருப்பைக் கழற்றாமல் நேராகப் போய் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. முன்பக்கத்து நீல விளக்கு இல்லை, விசிறி ஓடவில்லை. பொத்தானை அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். எவனாவது லிஃப்ட் பொத்தானை விடாமல் குத்திக்கொண்டு நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குத்தக் குத்த அது என்ன மனமிரங்கியா வரப்போகிறது? அன்றைக்கு நானும் குத்திக்கொண்டேதான் இருந்தேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருப்பது ஒற்றை அறை வீடு. அதில் கட்டில், அடுப்பு, மேஜை, மேஜைக்கடியில் அந்தக் கம்ப்யூட்டர். அதை நான் அணைப்பதே கிடையாது. காரணம் என் மகள்.

வாண்டு என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். பன்னிரண்டு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. ஒன்பது வயதில் அவள் அம்மாவோடு வேறு ஊருக்குப் போனாள். பிரிந்ததில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சண்டை போடுகிற தெம்புகூட எங்கள் இரண்டு பேருக்கும் மிஞ்சியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஃபோனில்தான் பேச்சு. "சாப்பிட்டியா?" "ம்." "ஸ்கூல் எப்படிப் போகுது?" "ம்." இப்படிப் பேசிப் பேசி எனக்கே என்னைச் சகிக்காமல் போனபோதுதான் அந்த விளையாட்டு கிடைத்தது.

கட்டைகளை அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு. மரம் வெட்டலாம், கல் உடைக்கலாம், வயல் போடலாம், ஆடு கோழி வளர்க்கலாம். அதில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற உலகம் ஒன்றை உண்டாக்கியிருந்தோம். அந்த உலகம் இருந்தது என் கம்ப்யூட்டரில். அது ஓடிக்கொண்டிருந்தால் அவள் தன் ஊரில் உட்கார்ந்தபடியே உள்ளே வரலாம். அணைந்துவிட்டால் அவளுக்கும் கதவடைப்புதான். சனிக்கிழமை மாலையானால் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போவோம். அங்கே போனால்தான் அவளுக்கு வாய் திறக்கும். நான் வேலி அடைப்பேன், அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே டீச்சரைத் திட்டுவாள். யாரோடு பேச்சை நிறுத்தினாள், யார் இவளோடு பேச்சை நிறுத்தினார்கள் எல்லாம் ஒப்பிப்பாள். மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் நான் போனதில்லை. "அங்க ஒண்ணும் இல்லப்பா, வெறும் மணல்" என்று ஒரு நாள் அவளே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சரி என்று விட்டுவிட்டேன்.

வாரத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மாலைதான். ஒரு சனிக்கிழமை இல்லை என்றால் அடுத்த சனிக்கிழமை அவளுக்கு வேறு ஏதாவது வேலை வந்துவிடும். அதற்கடுத்த சனிக்கிழமை நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. கம்ப்யூட்டர் செத்தது செவ்வாய்க்கிழமை.

சந்தேகப்பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் எங்கள் தொழிலில் வழி. சுவரில் மேஜை விளக்கைச் செருகினேன், எரிந்தது. திரைக்குப் போகிற கரண்டு ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டருக்கு மாட்டினேன், அசையவில்லை. பொத்தான் கெட்டிருக்கலாம் என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். பொத்தானின் ஒயர் போர்டில் வந்து சேருகிற இரண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துப் பார்த்தேன். ஊஹூம். கடைசியில் பவர் சப்ளையை மட்டும் தனியே பிரித்து, அதன் பெரிய ப்ளக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். நல்ல பவர் சப்ளையாக இருந்தால் தன் விசிறியையாவது சுற்றிக் காட்டும். இது காட்டவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கருகின வாடை.

அப்பாடா என்றிருந்தது. மற்றதெல்லாம் போவதைவிட பவர் சப்ளை போவது எவ்வளவோ மேல். வேறு ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது. உலகம் இருக்கிற டிஸ்க் அதன் மூலையில் பத்திரமாக இருந்தது. அன்றைக்கு நிம்மதியாகவே சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகுதான் அந்த அமைதி உறுத்தியது. விசிறிச் சத்தத்துக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தேன் போல. ரேடியோவைப் போட்டேன், யாரோ பேசினார்கள், எரிச்சலாக இருந்தது, அணைத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு பெரிய அலுவலகக் கட்டிடத்தில் வேலை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு ஆள். நான் மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தவர் இன்டர்காமில் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம்யா? எனக்கு மீட்டிங் இருக்கு."

"உள்ளயே நடத்துங்க சார். யாரும் குறுக்க வர மாட்டாங்க."

அவரை இறக்கிவிட்டு நிமிரும்போது ஃபோன் அடித்தது. வாண்டு. அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"அப்பா, உள்ள போக முடியல."

"இன்னைக்குப் புதன்கிழமைதானே வாண்டு?"

"சும்மா பாத்தேன்."

"கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. பவர் சப்ளை போயிடுச்சு. சனிக்கிழமைக்குள்ள எழுப்பிடுவேன்."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"அது டிஸ்க்ல இருக்கும்மா. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல."

"நிஜமா எதுவும் போகாதில்ல?"

"அப்படியே போனாதான் என்ன, ரெண்டு வயலு, ஒரு கோழிக்கூண்டு. திரும்பக் கட்டிக்கலாம்."

மோட்டார் அறையில் காற்று இரைந்தது, ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போகக் கூடாதுப்பா" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அப்பனோடு போட்ட வயல்மேல் இவ்வளவு பாசமா என்று. அன்று முழுக்க யார்மீதும் எரிந்து விழவில்லை. என்னோடு வேலை செய்கிறவன், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா என்று கேட்டான்.

பார்ட்ஸ் கடை ஒரு பழைய கட்டிடத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. கல்லாவில் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு சின்ன போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"எத்தனை வாட்?"

"ஐநூறு."

"கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருக்கா?"

"சின்னதுதான். ஆறு முள் ஒயர் ஒண்ணு போகுது."

"ப்ராசசருக்கு நாலு முள்ளா, எட்டா?"

"எட்டு."

"பெட்டிக்குள்ள இடம் எப்படி? நீளமா இருந்தா மூட முடியாது, அப்புறம் என்கிட்டதான் கத்துவீங்க."

"அளந்துட்டு வந்திருக்கேன்."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "அளந்துட்டு வர்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"லிஃப்ட் பாக்கற ஆளு. ஒரு விரல் தப்பினாலும் கதவு மூடாது."

சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தாள். அந்த அளவுக்கு அது ஒன்றுதான் இருந்தது. என் பழையதைப் போலவே ஒயர்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை, ஆனால் வேறு கம்பெனி. பையில் போடும்போது சொன்னாள்: "பழைய ஒயர் ஒண்ணையும் வச்சுக்காதீங்க சார். முக்கியமா டிஸ்க்குக்குப் போறது. பவர் சப்ளை பக்கத்து முனை பாதிக் கம்பெனிக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், மாட்டவும் மாட்டும். ஆனா எந்த முள்ளுல எந்த கரண்டு வருதுங்கறது ஆளாளுக்கு வேற."

"மாட்டுதுன்னா அதுக்குன்னு செஞ்சதுன்னுதானே அர்த்தம்?"

"நியாயமா அப்படித்தான் இருக்கணும்" என்றாள். "ஆனா இல்ல."

தலையாட்டிவிட்டு வந்தேன். தலைதான் ஆடியது. எங்கள் தொழிலில் தப்பான ப்ளக் தப்பான இடத்தில் நுழையவே நுழையாது. நுழையாதபடிதான் செய்து அனுப்புவார்கள், ஆள் உயிர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். இருட்டான குழிக்குள் கையை விட்டுத் தடவித் தடவி மாட்டி இத்தனை வருடம் பிழைத்தவன் நான். க்ளிக் என்று சத்தம் கேட்டால் அது அதனுடைய இடம். இவள் யாரோ ஒருத்தி படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். போர்டுக்குப் போகிற பெரிய ஒயர், ப்ராசசருக்குப் போவது, கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போவது, மூன்றையும் புதுப் பெட்டியில் வந்ததிலேயே மாட்டினேன். டிஸ்க்குக்குப் போகிற பழைய ஒயர் மட்டும் போர்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போயிற்று. அதை நானே ஒரு காலத்தில், லிஃப்ட் குழியில் கட்டுகிற அதே முறையில், சாண் சாணாக இறுக்கிக் கட்டியிருந்தேன். பிரிக்க வேண்டுமென்றால் போர்டையே கழற்ற வேண்டும். நல்ல கட்டு, பார்க்கவே அழகாக இருந்தது. அதன் முனையைப் புதுப் பவர் சப்ளையில் வைத்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. க்ளிக்.

பொத்தானை அமுக்கினேன். நீல விளக்கு வந்தது, விசிறி சுற்றியது, அந்தப் பழைய இரைச்சல் அறை முழுக்க நிறைந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. தரையிலேயே மல்லாந்து படுத்துச் சிரித்தேன், சத்தமாக, தனியாக.

எழுந்து பார்த்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. டிஸ்க் எதுவும் காணவில்லையாம்.

பெட்டிக்குள் கையை விட்டு டிஸ்க்கைத் தொட்டேன், சுட்டது. ஒயரைப் பிடுங்கினேன். அதற்குள் வாடை வந்துவிட்டது. பவர் சப்ளைதான் போனது, டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளிடம் சொன்னவன் நான். அது உண்மையாகத்தான் இருந்தது, நான் கை வைக்கிற வரைக்கும்.

காலையில் கடை திறக்கும்போது வாசலில் நின்றேன். அந்த அம்மா டிஸ்க்கை வாங்கி மூக்கருகே வைத்தாள்.

"பழைய ஒயரா?"

"ஆமா."

சொன்னேனே என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். அவளோ தகட்டைப் பிரித்து, கறுத்துப்போன சில்லுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கயாவது குடுத்து உள்ள இருக்கறதை எடுக்க முடியுமா?"

"கஷ்டம் சார். எல்லாமே எரிஞ்சிருக்கு. முக்கியமானதா?"

"ஒரு விளையாட்டு" என்றேன்.

"அப்பப் பரவால்ல" என்றாள் ஆறுதலாக.

டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மேஜை இழுப்பறையில் இன்னொரு டிஸ்க் கிடந்தது. இடம் பற்றவில்லை என்று எப்போதோ கழற்றிப் போட்ட சின்னது. போர்டைக் கழற்றி, நான் கட்டிய அந்த அழகான கட்டுகளையெல்லாம் கத்தரியால் வெட்டி எறிந்து, புது ஒயரில் அதை மாட்டினேன். ஓடியது. எங்கள் உலகமும் அதில் இருந்தது, ஆரம்பத்தில் இருந்த மாதிரி. ஒரு புல்வெளி, ஒரு குடிசை, முளைக்காத ஒரு வயல். ஆற்றின்மேல் நாங்கள் போட்ட பாலம் இல்லை, கோழிக்கூண்டு இல்லை. எதிரில் மலை.

மாலை வரைக்கும் அவளிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். கரண்டு ஏறி இறங்கிப் போச்சு என்று சொல்லலாம். கடையில் மட்டமான சாமானைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். நம்புவாள். அவள் ஹெட்செட்டில் "அப்பா, வந்துடுச்சா?" என்று கேட்ட குரலில் எல்லாப் பொய்யும் மறந்துபோயிற்று.

"கம்ப்யூட்டர் வந்துடுச்சு வாண்டு. டிஸ்க் எரிஞ்சுபோச்சு. நான்தான் எரிச்சுட்டேன். மாட்டக் கூடாத ஒயரை மாட்டினேன். கடையில சொன்னாங்க, நான் கேக்கல."

"எல்லாமேவா?"

"எல்லாமே. ரொம்பப் பழைய காப்பி ஒண்ணு இருக்கு. மொதல்ல ஆரம்பிச்சப்ப இருந்தது."

அவள் உள்ளே வந்தாள். குடிசை வாசலில் அவளுடைய சின்ன உருவம் தோன்றியது. வயலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, நேராக மலையை நோக்கி ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். மலையேறி மறுபக்கம் இறங்கினோம். அவள் சொன்னது சரிதான், அங்கே வெறும் மணல்தான். அந்த மணலின் நடுவில் போய் அவள் நின்றுகொண்டாள்.

"இங்கதான்ப்பா இருந்துச்சு."

"என்னம்மா இருந்துச்சு?"

"நம்ம வீடு."

எனக்குப் புரியவில்லை. "கட்டினமே, ஆத்துக்கு இந்தப் பக்கம், அதுவா?"

"அது இல்ல. நம்ம வீடு. நாம மூணு பேரும் இருந்தமே, அது." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "போன வருஷத்துலருந்து தினமும் ஸ்கூல் விட்டு வந்து கட்டுவேன். நீ வேலைக்குப் போயிருப்ப, ஆனா கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருக்குமே. முடிச்சுட்டுக் காட்டலாம்னு இருந்தேன். பால்கனி மட்டும்தான் பாக்கி."

ஒரு வருடத்துக்கு மேலாக நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் என் மகள் என் அறையில், என் மேஜைக்கடியில் இருந்திருக்கிறாள். நான் சனிக்கிழமைக்காக நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஹெட்செட்டின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேன். திரும்பக் கட்டலாம்மா."

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லப்பா. அப்பவே யோசிச்சு யோசிச்சுதான் கட்டினேன். சமையல் ரூம் ஜன்னல் எந்தப் பக்கம்னு இப்பவே சந்தேகமா இருக்கு."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன்.

எனக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. மறக்க எவ்வளவோ பார்த்தும் ஒரு ஆணிகூட மறக்கவில்லை. வாசல் கதவைத் திறந்தால் எதிரே சுவர், இடது கைப்பக்கம் செருப்பு ஸ்டாண்ட். "வலது பக்கம்னு வச்சிருந்தேன்" என்றாள். "இடது பக்கம்தான், நீ தினமும் இடிச்சுக்குவ" என்றேன். கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒரு படி இறக்கம். ஜன்னல் சிங்க்குக்கு மேலே. குளியலறைக் கதவு முழுசாக மூடாது, அவள் அம்மா அதற்கு ஒரு துணியை மடித்துச் செருகி வைப்பாள். அதை எப்படிக் கட்டுவது என்று வாண்டு கேட்டாள். ஒரு கட்டையைத் தள்ளி வை, போதும் என்றேன். குடிசையைப் பிரித்து அதன் மரத்தையே கொண்டுவந்தோம். அவள் அடுக்கினாள், நான் பின்னாலிருந்து "இன்னும் ஒண்ணு தள்ளு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் தொழிலின் துல்லியம் முதல் தடவையாக அவளுக்கு உபயோகப்பட்டது.

கூரை போடுமுன் படுக்கையறைக்கு வந்தோம்.

"மூணு கட்டில் வச்சிருந்தேன்" என்றாள். "அம்மாவோடது ஜன்னல் பக்கம்தானே?"

"இல்ல, ஜன்னல் பக்கம் நான். அம்மாவுக்குக் காத்து ஒத்துக்காது. சுவத்துப் பக்கம் அம்மா. நடுவுல நீ."

"ஆமா ஆமா" என்றாள். அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த விளையாட்டில் கட்டில் செய்ய மரம் மட்டும் போதாது, ஆட்டுக் கம்பளியும் வேண்டும். இந்தப் பழைய உலகத்தில் நாங்கள் ஆடு வளர்க்கவே ஆரம்பித்திருக்கவில்லை. குடிசைப் பெட்டியில் முன்பு சேர்த்து வைத்திருந்த கம்பளி இரண்டு கட்டிலுக்குத்தான் வந்தது. அவள் யோசிக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் ஒன்று போட்டாள், சுவர்ப் பக்கம் ஒன்று போட்டாள். நடுவில் இடம் விட்டாள்.

"உனக்கு?"

"அப்புறம் பாத்துக்கலாம்ப்பா. ஆடு கிடைக்கும்போது."

பின்னால் அவள் அம்மாவின் குரல் கேட்டது, சாப்பிடக் கூப்பிடுகிற குரல். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. "வரேம்மா" என்றாள் வாண்டு. பிறகு என்னிடம், "அப்பா, அணைச்சுடாத" என்றாள்.

"அணைக்க மாட்டேன்."

அவளுடைய உருவம் மறைந்தது. கூரையில்லாத அந்த வீட்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். கீழே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் பசித்தது, எழுந்திருக்க மனமில்லை. செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி வெளியே வந்து, மணலைக் கடந்து, மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வந்து சும்மா பார்ப்பாள். அதற்குள் ஒரு ஆடாவது கண்ணில் பட வேண்டும்.